பிரதம செயலாளரின் வீட்டுக்காரர்

மார்ச் 6

கப்பல் எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. இனி அடுத்த மாதம்தான் வரும். செய்ய வேறு வேலை இல்லாததால் நாட்குறிப்பு எழுதத் தொடங்குகிறேன்.

முதலில் விவரம். இது ஓஸ்வின் தீவு. தென் அத்திலாந்திக்கில், பிரித்தானியக் கொடியின் கீழ் இன்னும் மிஞ்சியிருக்கும் துண்டுகளில் ஒன்று. சனத்தொகை ஆயிரம்கூட வராது. மரம் இல்லை என்று மனைவி லோசனி முன்பே சொல்லியிருந்தாள். ஏதோ குறைவாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். உண்மையிலேயே ஒன்றுகூட இல்லை. புல், கல், செம்மறி, காற்று.

லண்டன் அனுப்பிய ஆளுநர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு அடுத்த கதிரை பிரதம செயலாளருடையது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், துறைமுகம், தண்ணீர் என்று தீவை உண்மையில் நடத்துகிறவர் அவர்தான். இன்றிலிருந்து அந்தக் கதிரை என் மனைவி பத்மலோசனிக்கு. ஆறு மாதம் தகுதிகாண் காலம். சரிவந்தால் மூன்று வருடம்.

நான் தயாபரன். லண்டனில், ஹரோவில், ஒரு பல் ஆய்வுகூடத்தில் ஆயுசில் பாதியைக் கட்டுப்பல் செய்வதில் கழித்தவன். இப்போது பிரதம செயலாளரின் வீட்டுக்காரர். அவளுடைய ஒப்பந்தத்தில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது: உடன் வரும் துணை.

துறைமுகத்தில் லோசனி என் கையைப் பிடித்துக்கொண்டு, "காத்து என்னைத் தூக்கிக்கொண்டு போயிடும் போல கிடக்கு" என்றாள்.

"நீர் இந்தத் தீவின்ர ரெண்டாவது பெரிய ஆள். காத்தும் யோசிச்சுத்தான் தூக்கும்" என்றேன்.

மார்ச் 8

அரசாங்க வீடு பெரியது. அடுப்பு புகைக்கிறது. நான் இருமிக்கொண்டு நிற்கும்போது கீழ்வீட்டிலிருந்து உயரமான ஒரு மனிதர் வந்தார். கேட்காமலே உள்ளே நுழைந்து, புகைபோக்கியின் பின்னால் கையை விட்டு எதையோ திருப்பினார். புகை நின்றது. போகிற போக்கில், குசினி அலுமாரியின் கீழ்த்தட்டை இழுத்தால் கழன்று விழும் என்றும் சொன்னார். காவலாளி போலும் என்று நினைத்துத் தேநீர் கொடுத்து, இந்த வீட்டை எவ்வளவு காலமாகப் பார்த்துக்கொள்கிறீர் என்று கேட்டேன்.

"போன கிழமை வரைக்கும் இஞ்சதான் இருந்தனான்" என்றார்.

அவர் பெயர் எஸ்மண்ட் தோர்ன். தீவின் பொது வேலைகளுக்குத் தலைவர். பிரதம செயலாளர் இல்லாத காலங்களில் பதில் பிரதம செயலாளர். இது நான்காவது தடவையாம். ஒவ்வொரு முறையும் ஆள் வந்ததும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போய்விடுவாராம்.

நான் அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினேன்.

"அது என்ர கதிரை" என்றார் அவர், கோபம் எதுவும் இல்லாமல். "உம்மட மனிசி வந்திட்டா. சரி. தேத்தண்ணி நல்லா இருக்கு."

(அவர் பேசியது ஆங்கிலம்தான். என்னுடைய நாட்குறிப்பில் எல்லோரும் என்னுடைய தமிழில்தான் பேசுவார்கள்.)

மார்ச் 19

காற்று. கொடியில் காயப் போட்டிருந்த, நான் வீட்டில் உடுக்கும் சாரம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஏப்ரல் 2

எஸ்மண்டோடு பாறையில் மீன்பிடிக்கப் போனேன். முன்பிருந்த பிரதம செயலாளர்களின் கதை முழுவதையும் கேட்டாயிற்று. ஒருவர் வந்த கப்பலைவிட்டு இறங்கவே மறுத்து அதிலேயே திரும்பிவிட்டார். ஒருவருடைய மனைவிக்குக் காற்றுச் சத்தத்தில் நித்திரை வரவில்லை. கடைசியாக இருந்தவர் நல்ல மனிதர், ஆனால் வந்த நாளிலிருந்து அடுத்த வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார்.

"உங்களில ஆரும் அந்த வேலைக்குக் கேக்கிறேல்லையோ?" என்றேன்.

"நான் மூண்டு தரம் கேட்டனான். 'வெளி அனுபவம் போதாது' எண்டு எழுதி வரும். வெளியால போய் அனுபவம் எடுத்தா, ஆர் இஞ்ச பதில் வேலை பாக்கிறது?"

பிறகு தூண்டிலைப் பார்த்தபடியே சொன்னார்: "யூலையில பொதுக்கூட்டம் வரும். உம்மட மனிசியை வேலையில உறுதிப்படுத்த முதல் சனத்திட்டக் கேப்பினம். நான் எழும்பி எதிர்த்துக் கதைப்பன். உமக்கு முன்னமே சொல்லிப்போட்டன்."

"மெத்த உபகாரம்" என்றேன். மனிதர் எனக்கு இரண்டு மீன் கூடுதலாகத் தந்தார். லோசனியிடம் மீனைப் பற்றி மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 14

நிதிப் பணிப்பாளர் பதவி ஒரு வருடமாக ஆளில்லாமல் கிடக்கிறது. லோசனி கணினித் திரையில் நேர்முகம் நடத்துகிறாள். படம் அடிக்கடி உறைந்துவிடும். ஒருவர் வாயைத் திறந்தபடியே அரை மணித்தியாலம் நின்றாராம். இன்னொருவர் தன் குதிரையையும் கொண்டு வரலாமா என்று கேட்டிருக்கிறார்.

கடைசியில் கனடாவிலிருந்து ஒருவர் சரிவந்தார். அவருடைய மனைவிக்குத்தான் சந்தேகம். "நீங்கள் கதையுங்கோவன். துணையோட துணை கதைச்சா நல்லது எண்டு ஆளுநரும் சொல்லுறார்" என்றாள் லோசனி.

பேசினேன். பகல் முழுவதும் என்ன செய்வீர்கள் என்று அந்தப் பெண்மணி கேட்டார். எனக்கு உற்சாகம் பிடித்துவிட்டது. காற்றடிக்கும்போது கதவை எப்படி முதுகால் தள்ளித் திறப்பது, பென்குவின்கள் குசினி வாசல்வரை வந்து என்ன விதமாய்ப் பார்க்கும், முட்டைக்காகக் கோழி வளர்க்கிறவரோடு எப்படிச் சிநேகிதமாக இருக்க வேண்டும், கப்பல் பிந்தினால் வெங்காயத்தை எப்படி மிச்சம் பிடிப்பது என்று எல்லாவற்றையும் சொன்னேன். தலைமயிர் வெட்டத் தபால்காரரிடம் போகலாம் என்பதையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

ஏப்ரல் 16

கனடாக்காரர் விலகிக்கொண்டார்.

"அந்த மனிசிக்கு என்ன சொன்னனீங்கள்?" என்று லோசனி கேட்டாள்.

"நல்லதாத்தானே எல்லாம் சொன்னனான்!"

அவள் என்னை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சிரித்தாள். ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

மே 9

லோசனி வேலையில் கெட்டிக்காரி என்று தீவு கண்டுபிடித்துவிட்டது. தண்ணீர்க் குழாய் விஷயம் ஏழு வருடமாக இழுபட்டதாம். இவள் வந்து முடித்துவிட்டாள். கடையில் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது. உருளைக்கிழங்கு நல்லதாகப் பொறுக்கித் தருகிறார்கள்.

அவளுக்கு அந்தக் கதிரை பொருந்துகிறது. காலையில் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு படியிறங்கும்போது அவளுடைய முதுகு நிமிர்ந்திருக்கும். ஊரில் அவள் ஒரு கச்சேரியில், அதுதான் மாவட்ட நிர்வாகக் காரியாலயத்தில், உதவி அரசாங்க அதிபராக இருந்தவள். மாவட்டத்தை நடத்தும் அரசாங்க அதிபரின் கதிரை வெறுமையாகும் நேரமெல்லாம் இவள்தான் பதில் கடமை பார்த்தாள். பிறகு கொழும்பிலிருந்து யாராவது வருவார்கள். அதை விட்டுவிட்டு என்னைக் கலியாணம் கட்டி லண்டனுக்கு வந்தாள். நகரசபையில் வீட்டுவசதிப் பகுதியின் முன்மேசையில் நின்று திரும்பவும் அடியிலிருந்து தொடங்கினாள். இவ்வளவு காலம் கழித்துத்தான் கதவில் பெயர் எழுதிய அறை கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரை நான் படம் பிடித்து மகள் ஆரணிக்கு அனுப்பினேன்.

"அம்மா சந்தோசமா இருக்கிறாவோ?" என்று ஆரணி தொலைபேசியில் கேட்டாள்.

"ஓம், நல்ல சந்தோசம்" என்றேன். "அப்பா நீங்கள்?" என்று கேட்டபோது தொடர்பு அறுந்துவிட்டது.

யூன் 3

கோழிக்காரியின் கட்டுப்பல் தளர்ந்துவிட்டது. சாப்பிடும்போது கையால் பிடித்துக்கொண்டு சாப்பிடுகிறார். தீவுக்குப் பல் வைத்தியர் வருடத்தில் ஒருமுறைதான் வருவாராம். கை மறக்காமல் இருக்க நான் சின்ன உபகரணப் பெட்டி ஒன்று கொண்டுவந்திருந்தேன். அச்செடுத்து உட்பக்கம் புதிதாக வார்த்துக் கொடுத்தேன். அவர் எங்கள் வாசலில் நின்றே ஓர் அப்பிளைக் கடித்துக் காட்டினார்.

அடுத்த கப்பலுக்குக் கட்டுப்பல் செய்யும் பிளாஸ்டரும் அக்ரிலிக் தூளும் எழுதிப் போட்டிருக்கிறேன். சும்மா, ஒரு வருடத்துக்குப் போதுமான அளவு.

யூன் 27

பனி. கண்ணாடி விறாந்தையில் வைத்த பச்சை மிளகாய் பூத்திருக்கிறது.

யூலை 15

நாளை பொதுக்கூட்டம். இன்று மத்தியானம் எஸ்மண்ட் பின்கதவால் வந்தார். வாயைக் கைலேஞ்சியால் மூடியிருந்தார். மேல் கட்டுப்பல் நடுவால் இரண்டாகப் போயிருந்தது. காய்ந்த பிஸ்கட்டைக் கடித்திருக்கிறார்.

அவர் பேசியதில் பாதி காற்றாகத்தான் வந்தது. "இதோட நான் கூட்டத்தில கதைக்க ஏலாது. சனம் சிரிக்கும்." கொஞ்சம் பொறுத்து, "நீர் மாட்டன் எண்டாலும் நான் குறை நினைக்கமாட்டன்" என்றார்.

மனிதர் என் மனைவிக்கு எதிராகப் பேசத்தான் போகிறார். பல் இல்லாவிட்டால் பேச முடியாது. இரண்டு துண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு யன்னலருகே நின்றேன். வெடிப்பு சுத்தமாக இருந்தது. சேர்த்துப் பார்த்தால் மயிரிழைகூட விலகவில்லை. இப்படியான வெடிப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா விடுவது என் கைக்குத் தெரியாது.

"இருங்கோ" என்றேன்.

மெழுகால் ஒட்டி, பிளாஸ்டரில் அச்சு வைத்து, வெடிப்பை அராவி அகலமாக்கி, அக்ரிலிக் விட்டேன். அழுத்தத்தில் வெந்நீரில் இறுக வேண்டும். ஆய்வுகூடத்தில் அதற்கென்று பாத்திரம் இருக்கும். இங்கே எங்கள் பிரஷர் குக்கர்தான். பின்னேரம் லோசனி வருமுன் எஸ்மண்ட் பல்லைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். வாசலில் நின்று, 'பிரதம செயலாளர்' என்ற சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். திறமாக வந்தது.

லோசனியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு நாளைக்கான யோசனையே போதும்.

யூலை 16

மண்டபம் நிறைந்துவிட்டது. லோசனி ஆளுநருக்குப் பக்கத்தில் இருந்தாள். நான் பின்வரிசையில்.

எஸ்மண்ட் எழுந்தார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லும் கேட்கும்படி பேசினார்.

"ஒரு கப்பல் ஒராளைக் கொண்டு வருது. இன்னொரு கப்பல் கொண்டு போகுது. இடையில நாங்கள் பதில் வேலை பாக்கிறம். படிக்கப் போன பிள்ளையள் ஏன் திரும்பி வரேல்லை எண்டு இந்த மண்டபத்தில ஒவ்வொரு வருசமும் கேக்கிறம். வந்தா எந்தக் கதிரையில இருக்கிறது?"

பிறகு அவர் லோசனியைப் பார்த்தார்.

"இப்ப இருக்கிறவ, இதுவரைக்கும் வந்த ஆக்களுக்கை திறமான ஆள். அதாலதான் இப்ப சொல்லுறன். கூடாத ஒராள் இருக்கேக்க சொல்லியிருந்தா அது அந்த ஆளைப் பற்றின முறைப்பாடாப் போயிடும். நான் சொல்லுறது கதிரையைப் பற்றி."

அமர்ந்துவிட்டார். முதலில் யாரும் கைதட்டவில்லை. பிறகு எல்லோரும் தட்டினார்கள். என் கையும் தட்டுவதை நான் பிந்தித்தான் கவனித்தேன்.

அடுத்த பிரதம செயலாளர் தீவு ஆளாக இருக்க வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறியது. ஆனால் அது ஆளுநரைக் கட்டுப்படுத்தாது.

யூலை 18

இன்று சனிக்கிழமை. லோசனி பருப்பைக் குக்கரில் அவித்து மேசையில் வைத்துவிட்டு எனக்கு எதிரே அமர்ந்தாள்.

"எஸ்மண்டின்ர பல்லை நீங்கள்தானே ஒட்டினது?"

நான் பருப்புப் பாத்திரத்தைக் கிட்ட இழுத்தேன்.

"குக்கரைத் திறந்த உடன மணந்தது. கலியாணம் கட்டின நாளிலயிருந்து உங்கட சட்டையில மணந்த மணம். எனக்குத் தெரியாதோ?"

"அந்தாள் வந்து நிண்டது லோசனி. நான் என்னெண்டு மாட்டன் எண்டு சொல்லுறது? உமக்கு எதிரா எண்டு நினைச்சு நான்—"

"நான் உங்களில கோவிக்கேல்லை." அவள் கரண்டியைத் திருப்பித் திருப்பி வைத்தாள். "வடிவாக் கதைச்சவர். ஒரு சொல்லுக்கூட வழுக்கேல்லை. பல்லு இல்லாமல் அதைக் கேட்டிருந்தா நானும் சிரிச்சிருப்பன். பிறகு நிம்மதியா அந்தக் கதிரையில இருந்திருப்பன்."

பருப்பில் அக்ரிலிக் மணம் இருந்தது. இருவரும் சாப்பிட்டோம்.

ஓகஸ்ட் 5

ஆளுநர் மூன்று வருட நியமனத்தைத் தந்துவிட்டார். கூட்டத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், கையெழுத்துப் போடுங்கள் என்றாராம். லோசனி ஒரு கிழமை அவகாசம் கேட்டிருக்கிறாள்.

இருப்போமா, போவோமா என்பது எனக்கு எதுவானாலும் ஒன்றுதான். நான் துணைக்கு வந்தவன். ஹரோவில் வீடு இருக்கிறது. மகள் இருக்கிறாள். நடைபாதையும் மரங்களும் இருக்கின்றன. மழை பெய்யும்போதும் இந்த ஊரைப் போல் இல்லாமல் நேராகப் பெய்யும். விறாந்தையில் கொஞ்ச நேரம் இருந்தேன். மிளகாய்ச் செடிகளைக் கோழிக்காரியிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். அவர் பார்த்துக்கொள்வார். தண்ணீர் கூடிப்போகக்கூடாது என்று எழுதி வைக்க வேண்டும்.

இன்று வேறு ஒன்றும் செய்யவில்லை.

ஓகஸ்ட் 9

ஞாயிறு. லோசனி சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டே கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, ஒண்டு கேட்டா உண்மை சொல்லவேணும். இஞ்ச இருக்க உங்களுக்கு விருப்பமோ, இல்லாட்டி எனக்காக இருக்கிறியளோ?"

"எனக்கு எதெண்டாலும் ஒண்டுதான்."

"டிசம்பர் வரைக்கும் சனத்துக்குப் பல்லுக்கு நாள் குடுத்து வைச்சிருக்கிறியள்."

"அது சும்மா…"

"கனடா மனிசியோட கதைச்சதையும் நான் பக்கத்து அறையில நிண்டு கேட்டனான். கலியாணம் பேசேக்க என்னைப் பற்றிக்கூட ஒருத்தரிட்டையும் நீங்கள் அப்பிடி ஆசையாச் சொல்லியிருக்க மாட்டியள்."

அவள் அயர்னை நிமிர்த்தி வைத்தாள்.

"எஸ்மண்டை நியமியுங்கோ எண்டு நாளைக்கு ஆளுநருக்குச் சொல்லப்போறன். நிதிப் பணிப்பாளர் வேலைக்குத்தான் ஒருத்தரும் வருகினமில்லை. அதை நான் எடுக்கிறன். ஒரு படி கீழதான். வீடும் சின்னன்."

"லோசனி, உமக்கு அந்தக் கதிரை…"

"பிடிச்சது" என்றாள். "நல்லாப் பிடிச்சது. பிடிக்கேல்லை எண்டு நான் ஒருத்தருக்கும் பொய் சொல்லமாட்டன்." சட்டையின் கொலரைத் திரும்பத் திரும்ப நீவினாள். "கச்சேரியில எனக்கு ஒருத்தரும் எழும்பி இடம் விடேல்லை. நானும் எழும்பாமல் இருந்தா, அவையளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அண்டைக்குக் கூட்டத்தில எஸ்மண்ட் கதைக்கக் கதைக்க, நான் கதைக்காமல் விட்டது எல்லாம் அந்த வாயாலதான் வந்தது."

"அப்ப ஆராவது இடம் விட்டிருந்தா நீர் லண்டனுக்கே வந்திருக்க மாட்டீர்."

"ஓம். நீங்கள் ஹரோவில பல்லுகளோட தனிய இருந்திருப்பியள்."

அழுதுகொண்டே சிரித்தாள். நான் அயர்னின் வயரைக் கழற்றினேன்.

ஓகஸ்ட் 10

ஆளுநர் முதலில் நம்பவில்லையாம். தன் உத்தியோக வாழ்க்கையில் ஒருவர் பதவியை மேலிருந்து கீழே கேட்டது இதுதான் முதல் தடவை என்றாராம். வெளி அனுபவம் போதாது என்று வழக்கமான பாட்டைத் தொடங்கியிருக்கிறார். "வெளி அனுபவம் என்னட்ட இருக்கு. நான் பக்கத்து அறையிலதானே இருப்பன், தேவையெண்டா கேக்கட்டும்" என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

லண்டனிலிருந்து பதில் வர வேண்டும்.

ஓகஸ்ட் 27

வந்துவிட்டது. சரி என்று.

செய்தி கேட்டு எஸ்மண்ட் மேலே வந்தார். வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. லோசனியின் கையைப் பிடித்துக் குலுக்கத் தொடங்கி, நிறுத்த மறந்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "போற வீட்டிலயும் அடுப்புப் புகைச்சா கூப்பிடும்" என்று சொல்லிவிட்டு வேகமாக இறங்கிப் போனார். கண்ணைத் துடைத்ததைப் பின்னாலிருந்தும் பார்க்க முடிந்தது.

செப்டெம்பர் 7

வீடு மாறினோம். எங்களுடையது இப்போது துறைமுகத்துக்கு மேலே உள்ள சிறிய வீடு. இரண்டு அறை, ஒரு கொட்டில். கொட்டிலில் தண்ணீர்க் குழாயும் நல்ல வெளிச்சமும் இருப்பதால் மேசை போட்டுவிட்டேன். ஆஸ்பத்திரி எனக்கு ஒரு நியமனக் கடிதம் தந்திருக்கிறது. இனி நான் செய்வது சும்மா இல்லையாம்.

அவளுடைய அலுவலக அறைக் கதவில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றியபோது லோசனி பக்கத்தில் நிற்கவில்லை. கழற்றி முடித்த பிறகுதான் வந்தாள். பழைய அறையிலிருந்து ஒரு பேனாவை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

செப்டெம்பர் 24

இன்று வரவுசெலவுத் திட்டக் கூட்டம். லோசனி கதவை முதுகால் தள்ளித் திறந்துகொண்டு வந்தாள். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"உங்கட எஸ்மண்டுக்கு என்ன விசரோ? படகுத்துறைத் திருத்தத்தை அடுத்த வருசத்துக்குத் தள்ளச் சொல்லி ரெண்டு கிழமையா இருந்து எழுதினனான். எல்லாருக்கும் முன்னால, 'மன்னிக்கவும் பணிப்பாளர், அது இந்த வருசமே நடக்கும்' எண்டு ஒரே சொல்லில முடிச்சுப்போட்டார். சிரிச்சுக்கொண்டு வேற சொல்லுறார்!"

ரொட்டியும் மீன் குழம்பும் வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே திட்டினாள். எஸ்மண்டின் பிடிவாதத்தைத் திட்டினாள். கூட்டத்தை நடத்தும் முறையைத் திட்டினாள். அவர் கழுத்துப்பட்டியின் நிறமும் தப்பவில்லை. அந்தப் பெரிய கதிரையில் இருந்த ஆறு மாதமும் அவள் ஒருவரையும் திட்டிக் கேட்டதில்லை. அங்கே இருந்து திட்டினால் அது உத்தரவாகிவிடும் என்று பயந்திருக்க வேண்டும்.

நான் இன்னொரு ரொட்டி வைத்தேன். இவ்வளவு சந்தோஷமாக அவள் கோபப்பட்டு எத்தனையோ காலமாகிவிட்டது.

"நீங்கள் அந்தாளின்ர கூட்டாளி, உங்கட வாயைத் திறக்கக்கூடாது" என்றாள். பிறகு குழம்புச் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை அவரைச் சாப்பிட வரச் சொல்லுங்கோ. சாப்பாட்டைக் குடுத்துப்போட்டு, படகுத்துறையைப் பற்றி வடிவா ஏசவேணும்" என்றாள்.